"ஓய்வெடுத்தால்தான் நரம்பு தேறும்" என்பவரைத் தானே சட்டை போட வைப்பது எப்படி?

கேள்வி: இப்படிச் சொல்பவருக்குப் பக்கவாதம் வந்து 3 மாதம். இடது கையில் கொஞ்சம் அசைவு உண்டு. ஆனாலும் உடுத்துவதெல்லாம் மனைவி கையால்தான். எங்கே தொடங்கலாம்?

பதில் 1: அந்த நம்பிக்கைதான் முதல் தடை. பயன்படுத்தாத கையை மூளை ஒதுக்கிவிடும். தொளதொளவென்ற, முன்பக்கம் திறக்கும் சட்டை எடுங்கள். பாதம் தரையில் ஊன்றி நாற்காலியில் உட்காரட்டும். பலவீனமான கையை முதலில் நுழைத்து, சட்டையைத் தோள்வரை ஏற்ற வேண்டும். முழங்கையோடு நின்றால் மறுகை நுழையாது. கழற்றும்போது நல்ல கை முதலில்.

பதில் 2: தயவுசெய்து அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். கடைசிப் பொத்தானை மட்டும் அவருக்கு விடுங்கள், அது கைவந்தபின் இரண்டு பொத்தான்.

பதில் 3: அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை அளக்கும் பார்த்தெல் அளவுகோலில், தானே உடுத்தினால் 10 மதிப்பெண், பாதி உதவியோடு 5. வாராவாரம் குறித்து அவரிடமே காட்டுங்கள். தூக்கமும் பசியும் குறைந்திருந்தால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.