புதுப்பிப்பு: பைத்தான் பயிற்சிக்குக் குறிப்பு எழுதுவது, கடைசியில் எது பலித்தது

தக்கலையில் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘1 முதல் 10 வரை கூட்டு’ பயிற்சிக்கு, விடையைப் போட்டு உடைக்காமல் குறிப்பு எழுதுவது எப்படி என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ‘விதியைச் சொல்லாதீர்கள், பார்க்கச் சொல்லுங்கள்’ என்ற யோசனைதான். ரேஞ்ச்(1, 10) என்று எழுதி (பைத்தானில் இது 10ஐச் சேர்க்காமல் 9 வரைதான் எண்ணும்) 55க்குப் பதில் 45 வாங்கியவர்களிடம், ‘ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைப் பிரிண்ட் செய்து பார், கடைசியாக எது வருகிறது?’ என்று மட்டும் கேட்டேன். 9இல் நிற்பதைப் பார்த்ததும் அவர்களே 10ஐ 11 ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்படி எழுதிய மூன்று படிக் குறிப்பு எடுபடவில்லை. மூன்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடுகிறார்கள், கள்ளப் பயல்கள்.

எதிர்பாராதது ஒன்று: இரண்டு பேருக்கு 45கூட வரவில்லை, வெறும் 9. மொத்தம் = 0 என்ற வரியை லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) வைத்திருந்தார்கள், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் மறுபடி 0 ஆகிவிட்டது. அப்புறம் மொத்தத்தையும் சேர்த்துப் பிரிண்ட் செய்யச் சொன்னேன், பிடித்துவிட்டார்கள்.