தரையே இல்லாத வியாழனில் காற்றின் ஆழத்தை எப்படி அளந்தார்கள்?

கொட்டகலை மாணவி:
உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். வியாழனில் காற்று 3,000 கிலோமீட்டர் ஆழம் வரை வீசுவதை வியாழனைச் சுற்ற நாசா அனுப்பிய ஜூனோ விண்கலத்தின் ரேடியோ அலையை வைத்தே கண்டுபிடித்தார்களாம். மேகத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாதே, எப்படி? டியூஷனில் கேட்டதற்கு, பரீட்சைக்கு வராது என்றார்கள்.

ஹட்டன் ஓய்வு ஆசிரியர்:
இதெல்லாம் கேட்கத்தான் வேண்டும் மகள். கோச்சி ஸ்டேஷனை நெருங்கும்போது ஹோர்ன் சத்தம் கீச்சென்று இருக்கும், நம்மைத் தாண்டியதும் தணிந்துவிடும். அதே டொப்ளர் விளைவுதான். கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோனில் இருக்கும் 34 மீட்டர் அன்டெனா ஜூனோவுக்கு அலை அனுப்பும், ஜூனோ அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். போய்வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்தால் கலத்தின் வேகம் தெரியும். கீழே வியாழனின் ஈர்ப்பு கூடினாலோ குறைந்தாலோ அந்த வேகமும் மாறும். நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு மாறினாலும் பிடித்துவிடலாம். மேகத்துக்கு மேலே சுமார் 4,000 கிலோமீட்டரில், நொடிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பறக்கிற கலத்தில்!

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வியாழன் வெறுமனே சுழலும் வாயு உருண்டை என்றால், ஈர்ப்பு வடக்கிலும் தெற்கிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அங்கே வடக்குக் காற்றும் தெற்குக் காற்றும் ஒன்றுபோல் இல்லை. காற்று மேலோடு நின்றால் அது அசைக்கும் நிறை கொஞ்சம்தான், ஈர்ப்பில் தெரியாது. ஆழமாக இறங்கினால்தான் வடக்கு தெற்கு வித்தியாசம் வரும். 2018இல் அந்த வித்தியாசத்தைக் கண்டார்கள். அதைக் கணக்குப் போட்டதில் வந்ததுதான் 3,000 கிலோமீட்டர். அந்தப் படலத்தின் நிறை வியாழனின் நூறில் ஒரு பங்கு, அதாவது மூன்று பூமி அளவு. முதல்முறை வாசித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளை வாசகர்:
சேர் சொன்னதோடு ஒன்று. அலையைப் பூமியிலிருந்து அனுப்பி வாங்குவதற்குக் காரணம், அதிர்வெண்ணைச் சீராக வைக்கும் கடிகாரம். துல்லியமான ஹைட்ரஜன் கடிகாரம் தரையில் இருக்கிறது, அவ்வளவு பெரியதைக் கலத்தில் ஏற்றத் தேவையில்லை.

கொட்டகலை மாணவி:
நன்றி சேர், நன்றி அண்ணா. அப்படியென்றால் வியாழனில் சுழலும் பெரும் புயலான பெரிய செம்புள்ளியின் ஆழத்தையும் இப்படிப் பார்க்கலாமா?

ஹட்டன் ஓய்வு ஆசிரியர்:
பார்த்துவிட்டார்கள் மகள். 2019இல் பெப்ரவரியிலும் ஜூலையிலும் ஜூனோ அதன் மேலாகப் பறந்தது. 500 கிலோமீட்டருக்குக் கீழே அது போகவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். சுற்றியுள்ள காற்று அதைவிட எவ்வளவோ ஆழம். ஏன் அப்படி என்று யோசித்துப் பாருங்கள், அடுத்த கிழமை பேசுவோம்.