காணி பறிபோன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பொகவந்தலாவைப் பொடியன்:
எங்கள் லயத்துக்கு, அதுதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் தாத்தா காலத்திலிருந்து மரக்கறி போட்ட துண்டு. தோட்ட நிர்வாகம் யூக்கலிப்டஸ் நடப் போகிறதாம், ஒரு காலையில் ஆட்களை அனுப்பி வேலியைப் பிடுங்கினார்கள். லீக்ஸ் முற்றுகிற நேரம். வெட்டிச் சாய்த்தவர்களில் ஒருவர் என் சித்தப்பா. அம்மா ஏசவில்லை. விழுந்த லீக்ஸை மண் உதறி, கட்டாகக் கட்டி, "வீட்டுக்குக் கொண்டு போங்க தம்பி" என்று அவரிடமே நீட்டினார். மனுசன் வாங்கிக்கொண்டார்! அந்த வேலைக்குப் பேர் பதிந்து நாள் சம்பளம் வேறு. அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

மாத்தளை மல்லிகா:
எங்களுடையது உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணி. அப்பா போன பிறகு காணிப் பதிவகத்தில் பார்த்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே விற்றதாக ஓர் உறுதி. கீழே வளைத்து வளைத்து இங்கிலீசில் கையொப்பம். அப்பா வாழ்நாள் முழுக்கப் பெருவிரல் வைத்தவர்.

கண்டி அண்ணாச்சி:
என் மாமாவுக்கும் இதே கதைதான், வழக்கு இன்னும் இழுபடுகிறது. சரி, விசயத்துக்கு வருவோம். தங்கச்சி, முதலில் பதிவேட்டுப் பிரதி எடுங்கள். சாட்சிக் கையொப்பம் யார் யார் என்று பாருங்கள். கள்ள உறுதி என்று பொலிசில் முறைப்பாடு போடுங்கள். பதிவகத்தில் கேவியட் என்கிற முன்னறிவிப்புக் கோரிக்கை போட்டு வைத்தால், அடுத்து யாராவது உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும். காணியைச் சும்மா விடாதீர்கள், அடிக்கடி போய் வாருங்கள், வரி கட்டினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பொடியன், உங்கள் வீட்டு ஆட்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்? பத்து வருசம் ஆண்டு அனுபவித்தால் காணி நமக்குத்தான், சட்டமே இருக்கிறது.

தலவாக்கலை:
அண்ணாச்சி, ஆளைக் கெடுக்காதீங்க. அந்தப் பத்து வருசக் கணக்கு அரசக் காணிக்குச் செல்லாது. தோட்டக் காணி அரசுடையது, 1992க்குப் பிறகு வந்த கம்பனிகளும் அதில் குத்தகைக்காரர்தான். அரசக் காணியை மீட்கிற 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் வழக்குப் போட்டால், நீதவான் கேட்பது எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்பதைத்தான். தாத்தா நட்டார், பாட்டி தண்ணீர் ஊற்றினார் என்பதெல்லாம் எடுபடாது. வாயைத் திறக்கவில்லை என்றும் சொல்லாதீங்க. 1977இல் அரசாங்கம் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க வந்தபோது எதிர்த்து நின்றுதான் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் செத்தார். எங்கள் பெரியப்பா அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றவர். சாகும்வரைக்கும் காக்கிச் சட்டையைக் கண்டால் பஸ்ஸில் இருந்தே இறங்கிவிடுவார்.

கண்டி அண்ணாச்சி:
தம்பி, நான் சொன்னது உறுதிக் காணிக்கு. முழுசா வாசிச்சிட்டுப் பேசுங்க.

பொகவந்தலாவைப் பொடியன்:
பேர் சொல்லி என்னைத்தானே கேட்டீங்க அண்ணாச்சி?