ஏலக்கா குரூப்ல டேம் சண்டை, ஒரு சேட்டன் மனசு நொந்து வெளிய போயிட்டாரு, என்ன செய்யலாம்?

கம்பம் ஜீப்பு:
அண்ணன்மாருக்கு வணக்கம். கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டக்காரங்க, ஜீப் டிரைவருங்க, கடைக்காரங்க எல்லாம் சேந்த வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு, நான்தான் அட்மின். புத்தடி, போடி ஏல மையத்துல ஏலக்கா என்ன வெல, மழ, இன்னைக்கு முல்லைப்பெரியாறு டேம்ல எத்தன அடி தண்ணி, எந்த தோட்டத்துக்கு ஆள் வேணும், இம்புட்டுதான் பேச்சு. தமிழ்க்காரங்க மலையாளத்துக்காரங்க ரெண்டு பேரும் இருக்காங்க.

நேத்து ஒருத்தரு குமுளில ஜீப்ப மறிச்சு அடிக்கிறாங்கன்னு ஒரு வீடியோவ தட்டி விட்டாரு. பாத்தா 2011 டிசம்பர்ல இந்த டேம் பிரச்சனைல நடந்த கலாட்டா வீடியோ. வண்டிப்பெரியாறு சேட்டன் ஒருத்தரு, வயசானவரு, இது பழசு மோனே அழிச்சிருன்னு மருவாதியா சொன்னாரு. அதுக்கு நம்ம பய ஒருத்தன் "நாங்க காய்கறி ஏத்தி விடலேன்னா ஒங்காளுக என்னத்த திம்பீங்க"ன்னு போட்டுட்டான். சேட்டன் ஒரு வார்த்த பேசல, வெளிய போயிட்டாரு. இப்பல்லாம் யாரு போனாலும் அட்மினுக்கு மட்டுந்தான காட்டும், நெறய பேருக்கு அவரு போனதே தெரியல. பயல கேட்டா உள்ளதத்தான சொன்னேங்கிறான். அவன தூக்கிரவா, இல்ல அட்மின் மட்டும் போடுற மாதிரி பூட்டிரவா? இதுல அட்மின் மேல கேஸ் வரும்னு வேற பயமுறுத்துறாங்க.

கோர்ட்டு வாசல்:
கேஸ் பயத்த மொதல்ல விடுங்க தம்பி. அடுத்தவன் போட்ட மெசேஜுக்கு, வெறும் அட்மினா இருக்கான்ங்கிறதுக்காக மட்டும் ஒருத்தன குற்றவாளி ஆக்க முடியாதுன்னு 2021ல மெட்ராஸ் ஐகோர்ட் மதுர பெஞ்ச் சொல்லிருச்சு, 2022ல கேரளா ஐகோர்ட்டும் அதயேதான் சொல்லிருக்கு. நீங்களும் சேந்து தூண்டிவிட்டா அது வேற கத. பழைய வீடியோவ அட்மினே எல்லாருக்கும் அழிக்கலாம், அத இன்னுமா வச்சிருக்கீங்க?

கூடலூர் வயக்காடு:
டேம் பேச்சே கூடாதுன்னு மட்டும் வச்சிராதீங்கண்ணே. எங்க பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் அந்தத் தண்ணிலதான் வெளையுது, 152 அடி தண்ணி தேக்குற டேம 136ல நிப்பாட்டுனதுல எத்தன பேரு நெலத்த தரிசா போட்டோம், 2014ல சுப்ரீம் கோர்ட் 142ன்னு தீர்ப்பு குடுத்தப்புறமும் வருசா வருசம் கேரளாவுல இருந்து புது டேம் கட்டணும்னு பேச்சு வருது, பயலுக்கு கோவம் வராம என்ன செய்யும். ஆனா சேட்டன் திங்கிற சோத்த எதுக்கு இழுக்கணும்? அவரா 136ல நிப்பாட்டுனாரு?

கொழிஞ்சாம்பாறை தென்னை:
ஏனுங்க, எங்க கதையும் கேளுங்க. நாங்க சித்தூர் தாலுக்கா, கேரளாவுல இருக்கோம், வீட்ல தமிழு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியா வருசம் 7.25 டிஎம்சி எங்களுக்கு வரோணும். தண்ணி கொறஞ்ச வருசம் பொள்ளாச்சிக்காரங்க இருக்கற தேங்கா குரூப்ல "கேரளாக்காரனுக்கு இதே பொழப்பு"ன்னு எங்களயே சொல்லுவாங்க. தண்ணிய பத்தி எத்தன சண்ட வேணா போட்டுக்கலாமுங்க, ஆள ஒரு கூட்டத்தோட சேத்துக் கட்டி அடிக்கறதுதான் தாங்கறதில்ல.

பையன தூக்கி பிரயோஜனமில்ல, அவன் வேற குரூப்ல போயி இதையே பெருமையா சொல்லுவான். சேட்டன்கிட்ட மெசேஜ் வேண்டாம், போன் போடுங்க, அவரோட ரொம்ப நாளா யாவாரம் பண்றவங்க யாராச்சும் போட்டா இன்னும் நல்லது. சமாதானம் தனியா பேசிக்கலாம், ஆனா சொன்ன சொல்ல பையன் குரூப்லயே வாபஸ் வாங்கோணும், எல்லார் முன்னாடியும் சொன்னதுதானுங்க. "யாராச்சும் மனசு நொந்திருந்தா சாரி"ன்னு மட்டும் போட்றாதீங்க, நொந்தது யாருன்னு ஊருக்கே தெரியறப்ப அது கேக்கவே எரிச்சலா இருக்கும்.

கம்பம் ஜீப்பு:
வீடியோவ அழிச்சாச்சு. எங்க பெரியப்பாவ விட்டு போன் போட்டோம், ரெண்டு பேரும் ஏலக்கா யாவாரத்துல பழைய சேக்காளிக. காய்கறி பேச்சு அவர அவ்வளவா சுடலயாம். 2024ல வயநாட்டுல மலை சரிஞ்சதுல இருந்து மழ ராத்திரில மருமக தூங்குறதில்ல, டேமுக்கு கீழ இருக்குறவன் பயம் எனக்குத்தான் தெரியும், அத நான் குரூப்ல ஒரு நாளாச்சும் பேசிருக்கேனான்னு கேட்டாராம். பய வெவரம் கெட்டவன் விடு, அதுக்கு கீழ சிரிப்பு பொம்ம போட்டவங்க பூராம் எங்க வீட்டு கல்யாணத்துல சாப்ட்டவங்கன்னு சொல்லிட்டு போன வச்சிட்டாராம்.

கொழிஞ்சாம்பாறை தென்னை:
அப்ப வேல பையன்கிட்ட இல்லீங்க, சிரிச்சவங்ககிட்ட. ஒவ்வொருத்தரும் தனித்தனியா போன் போடட்டும். குரூப்ல மொத்தமா ஒரு கும்பிடு பொம்ம போட்டா ஆகாது.

கூடலூர் வயக்காடு:
பயகிட்ட நான் பேசுறேன், நம்ம ஊர்க்காரப் பயதான்.

கம்பம் ஜீப்பு:
சரிங்கண்ணே. சிரிப்பு பொம்மய அமுக்கிப் பாத்து சிரிச்சவங்க பேர எடுத்துட்டேன், அதுல மொதப் பேரே எங்க தாய்மாமா. அவருகிட்ட யாரு போயி சொல்றது, போன தீவாளில இருந்து எங்கூட பேச்சுவார்த்த கெடயாது.