பயோஸ் அப்டேட் நடுவில கரண்ட் போச்சு. ஃபேன் சுத்துது, ஸ்கிரீனில படம் வரல்ல

கல்லடி கொப்பிக்கடை:
எல்லாருக்கும் வணக்கம். கடை டெஸ்க்டொப்புக்கு உதவி வேணும். அசுஸ் எச்81எம்-கே போர்ட், பென்டியம் ஜி3220, 4 ஜிபி ரெம். செகண்ட் ஹேண்டில ஒரு ஐ5-4590 சிபியூ கிடைச்சுது. அது 2014இல வந்த ஹஸ்வெல் ரிஃப்ரெஷ், பழைய பயோஸில (கம்ப்யூட்டரை எழுப்புற போர்டுப் புரோகிராம்) எழும்பாது எண்டாங்க. அதால முதல்ல பயோஸுக்குள்ள இருக்கிற ஈஸி ஃப்ளாஷால அப்டேட் குடுத்தன். பாதி ஓடக்குள்ள ஊர் முழுக்கக் கரண்ட் போயிட்டு. யூபிஎஸ் இருக்கு, பெட்டரி எப்பவோ செத்துப்போன யூபிஎஸ். இப்ப பவர் குடுத்தா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன் இருட்டு. பெட்டரியக் கழட்டிக் கிளியர் சிமோஸ் செஞ்சும் பார்த்தாச்சு. விபுலானந்தாப் பிள்ளைகள்ட அசைன்மென்ட் எல்லாம் பிரிண்டுக்குக் கிடக்கு. என்ன வழி?

ஏறாவூர் பொடியன்:
போர்ட் போயிட்டு அண்ணன். எச்81 செகண்ட் ஹேண்டில வாங்கலாம். மாத்திட்டு வேலையப் பாருங்க.

காத்தான்குடி பென்ச்:
எடுத்த எடுப்பில போர்டைத் தூக்கி எறியச் சொல்லாதீங்க மச்சான். இதில போர்டுக்கு ஒண்டும் நடக்கல்ல.

கொப்பிக்கடைத் தம்பி, முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. இப்ப சொக்கெட்டில இரிக்கிறது எந்த சிபியூ? ஐ5 தான் போட்டிரிக்கீங்கண்டா, பழைய பயோஸோட நல்ல போர்டும் இப்பிடித்தான் முழிக்கும். ரெண்டாவது, ரெம்மைக் கழட்டிட்டு ஸ்பீக்கரோட ஓன் பண்ணுங்க. பீப் வந்தா பயோஸ் உயிரோட இரிக்கி.

கிளியர் சிமோஸால இதுக்குப் பலனில்ல. அது நீங்க மாத்தின செட்டிங்கைத்தான் அழிக்கும். கெட்டுப் போனது ஃப்ளாஷ் சிப்புக்குள்ள இரிக்கிற புரோகிராம்.

இன்னொண்டு. இந்தப் போர்டில கிராஷ்ஃப்ரீ பயோஸ் 3 இரிக்கி. பயோஸ்ட பூட் புளொக் (முதல்ல ஓடுற சின்னப் பகுதி) தப்பியிருந்தா, பென் ட்ரைவில இருந்து தானா மீட்டெடுக்கும். பென் ட்ரைவை ஃபெட்32இல ஒரே பார்ட்டிஷனாப் ஃபோர்மட் பண்ணி, மெனுவலில சொன்ன பேரிலயே ஃபைலை வெச்சி, போர்ட்ட பின்பக்க யூஎஸ்பியில குத்திட்டுப் பொறுமையா இரிங்க. பேர் ஒரு எழுத்து பிசகினாலும் எடுக்காது.

கல்லடி கொப்பிக்கடை:
சிபியூ ஜி3220 தான், ஐ5 இன்னும் பெட்டிக்குள்ள. ரெம் இல்லாமலும் பீப் இல்ல. பென் ட்ரைவ் லைட் ஒருக்கா மினுங்கிட்டு நிண்டுட்டு. அதுக்குப் பிறகு ஒண்டுமில்ல, சாப்பிட்டுட்டு வந்து பார்த்தும் அப்பிடியேதான் கிடக்கு.

காத்தான்குடி பென்ச்:
அப்ப பூட் புளொக்கும் போயிட்டு. சிப்பை வெளியில எடுத்து எழுதித்தான் ஆகணும். கல்முனை சோல்டர் காக்கா (அண்ணன்) வருவார், இது அவர்ட ஏரியா.

கல்முனை சோல்டர்:
வந்துட்டன். தம்பிக்கு அதிர்ஷ்டம். இந்தப் போர்டில பயோஸ் சிப் எட்டுக் கால் டிப் (ரெண்டு பக்கமும் கால் வெச்ச இனம்), சொக்கெட்டில குத்தியிரிக்கும். சோல்டரிங் அயர்ன் தேவையில்ல. வோலில இருந்து ப்ளக்கைக் கழட்டி, நாணயப் பெட்டரியையும் எடுத்திட்டு, சின்னத் தட்டை ஸ்க்ரூ ட்ரைவரால ஒரு பக்கம் கொஞ்சம், மற்றப் பக்கம் கொஞ்சமா நெம்புங்க. ஒரே பக்கமாத் தூக்கினா கால் வளையும். எடுக்கிறதுக்கு முதல், சிப்பில இரிக்கிற பள்ளம் எந்தப் பக்கம் பார்க்குதெண்டு ஃபோனில ஒரு படம் எடுத்து வைங்க.

எழுதுறதுக்கு சிஎச்341ஏ எண்ட யூஎஸ்பி புரோகிராமர் போதும். கொழும்பு யூனிட்டி பிளாசாவில கேட்டுப் பாருங்க, ஒன்லைனிலயும் எடுக்கலாம். மலிவான சாமான், ஆனா கறுப்புப் போர்டில ஒரு கோளாறு இரிக்கி: சிப்புக்குப் போற பவர் 3.3 வோல்ட், டேட்டா லைன் மட்டும் 5 வோல்ட். பெரும்பாலான சிப் தாங்கிக்கும், எண்டாலும் எனக்கு அது பிடிக்காது. வோல்ட்டேஜ் மாத்துற ஜம்பர் இரிக்கிற பச்சைப் போர்டு கிடைச்சா அதை எடுங்க.

சிப்புட முதுகில எழுதியிரிக்கிறதைச் சொல்லுங்க. 25கியூ64 எண்டு இரிக்கணும். 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. கடைசி எழுத்தையும் பாருங்க. வின்பொண்டில எஃப்வி எண்டா 3 வோல்ட் இனம், எஃப்டபிள்யூ எண்டா 1.8 வோல்ட். 1.8 சிப்பை நேராக் குத்தினீங்கண்டா அதோட கதை முடிஞ்சி.

எழுத முதல் வாசிங்க. இதைத்தான் ஆக்கள் தவற விடுறாங்க. அவசரத்தில சிப்பை அழிச்சிட்டுப் புது ஃபைலைப் போட்டா, போர்ட்ட சீரியலும் யூயூஐடி எண்ட அடையாள எண்ணும் அதோட போயிடும், சில போர்டில நெட்வேர்க் மெக் அட்ரஸும் போகும். கெட்டுப் போன டம்ப் (சிப்பில இருந்து வாசிச்ச ஃபைல்) எண்டாலும் அதில இரிக்கிறது ஒங்கட போர்ட்ட சரக்கு, வேற எங்கயும் எடுக்க ஏலாது. ரெண்டு தரம் வாசிச்சு, ரெண்டு ஃபைல்ட செக்சமும் (ஃபைலைக் கணக்குப் போட்டு வாற சரிபார்ப்பு எண்) ஒண்டா வந்தாத்தான் அந்த வாசிப்பை நம்பலாம்.

கல்லடி கொப்பிக்கடை:
மருதமுனையில ஒருத்தர்ட்ட பச்சைப் போர்டு ஒண்டு இரவல் கிடைச்சுது. சிப்பில 25கியூ64எஃப்வி எண்டு இருக்கு. ஏஎஸ் புரோகிராமர் எண்ட சொஃப்ட்வெயாரில வாசிச்சா ஒவ்வொரு தரமும் வேற வேற செக்சம் வருது. சிப்பே செத்துட்டோ?

கல்முனை சோல்டர்:
சிப் லேசில சாகாது தம்பி. இந்த இனத்தை ஒரு லட்சம் தரம் அழிச்சி எழுதலாமெண்டு வின்பொண்டே டேட்டாஷீட்டில எழுதியிரிக்கான். நீங்க கல்லடியில, கடலுக்குப் பக்கத்தில. கால்ட நிறத்தைப் பாருங்க.

கல்லடி கொப்பிக்கடை:
ஓம் காக்கா, மங்கிப் போய், ரெண்டு காலில பச்சையாப் படிஞ்சு கிடக்கு.

காத்தான்குடி பென்ச்:
உப்புக் காத்து. எங்கட பக்கமும் இதே கதைதான், கடற்கரை ரோட்டால வாற போர்டை எல்லாம் நான் முதல்ல கழுவிட்டுத்தான் மீட்டர் வெப்பன். பென்சில் அழிறப்பரால மெதுவா உரசி, ஐசோபுரோபைல் அல்ககோலால துடைங்க. போர்டில இரிக்கிற சொக்கெட்டுக்கும் கொன்டக்ட் கிளீனர் அடிங்க. இல்லாட்டி எழுதின சிப்பைத் திருப்பிப் போட்டும் படம் வராது, பிறகு ஃபைலில பிழை தேடித் தேடி மண்டை காயும்.

கல்முனை சோல்டர்:
புரோகிராமர் சொக்கெட்டில 24, 25 எண்டு ரெண்டு பகுதி இரிக்கி. ஒங்கட சிப் 25 பக்கம். அதையும் ஒருக்காப் பாருங்க.

கல்லடி கொப்பிக்கடை:
துடைச்சாப் பிறகு செக்சம் ஒண்டா வருது. டம்பை ஹெக்ஸ் எடிட்டரில (பைட் பைட்டாக் காட்டுற சொஃப்ட்வெயார்) திறந்தன். நடுவில இருந்து கடைசி வரைக்கும் பெரிய இடமொண்டு வெறும் எஃப்எஃப்.

கல்முனை சோல்டர்:
அதுதான் காயம். இந்தச் சிப்பில அழிச்சாப் பிறகுதான் புதுசு எழுதலாம், அழிச்ச இடம் எஃப்எஃப் எண்டுதான் வாசிக்கும். அழிச்சு முடிஞ்சி, எழுத முதல் கரண்ட் போயிரிக்கி. சிபியூ முதல்ல தேடிப் போற கட்டளை சிப்புட கடைசி முனையில இரிக்கும். அங்க எஃப்எஃப் எண்டா, பீப் அடிக்கவும் ஆளில்ல.

இனி ஃபைலை எடுங்க.

கல்லடி கொப்பிக்கடை:
அசுஸ் தளத்தில எடுத்த கெப் ஃபைலைத் திறந்தா, சிப்பை விடப் பெரிசு எண்டு சொஃப்ட்வெயார் சொல்லுது. ஃபைல் 83,90,656 பைட், சிப் 83,88,608.

கல்முனை சோல்டர்:
கழிச்சிப் பாருங்க, 2048 வரும். அது கெப் ஃபைல்ட (கெப்ஸ்யூல்) தலைப்பு. ஈஸி ஃப்ளாஷ் ஃபைலைச் சரிபார்க்கிறதுக்குத்தான் அது, சிப்புக்குள்ள போகக் கூடாது. ஹெக்ஸ் எடிட்டரில முதல் 2048 பைட்டை மட்டும் வெட்டி, வேற பேரில சேவ் பண்ணுங்க. கடைசியில வெட்டினா எல்லாம் பாழ். சரியா வெட்டியிருந்தா, 16 பைட் தள்ளி 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் எண்டு நிக்கும். அது இன்டெல்ட அடையாளம்.

அடுத்தது சீரியல். அசுஸ்காரன் அதை எஃப்டி44 எண்ட மொடியூலில வைக்கிறான். எஃப்டி44 எடிட்டர் எண்டு சின்ன டூல் இரிக்கி, பழைய டம்பில இருந்து எடுத்துப் புது ஃபைலுக்குப் போடலாம். டம்பில அந்த இடமும் எஃப்எஃப் ஆகியிருந்தா, போர்டில ஒட்டியிரிக்கிற ஸ்டிக்கரைப் பார்த்து டைப் பண்ணுங்க. அழிங்க, எழுதுங்க, வெரிஃபை குடுங்க. வெரிஃபையைத் தாண்டிப் போகாதீங்க.

ஏறாவூர் பொடியன்:
இவ்வளவுக்கு ஒரு போர்ட் வாங்கியிருக்கலாமே.

காத்தான்குடி பென்ச்:
நீ வாங்கிக் குடு மச்சான்.

கல்லடி கொப்பிக்கடை:
வந்துட்டு! அசுஸ் லோகோ வந்துட்டு! சீரியலும் பழையதுதான். ஆனா விண்டோஸ் 7 ஏறுறதுக்குள்ள நீலத் திரை, 0x0000007பி எண்டு வருது. ஹார்ட் டிஸ்கும் போச்சோ?

காத்தான்குடி பென்ச்:
போகல்ல. பயோஸ் புதுசாகினதால சேட்டா மோட் (ஹார்ட் டிஸ்கோட பேசுற முறை) ஏஎச்சிஐக்கு மாறியிரிக்கி. ஒங்கட விண்டோஸை ஆரோ ஐடிஇயில இன்ஸ்டோல் பண்ணியிரிப்பாங்க. பயோஸில அட்வான்ஸ்ட் போய் சேட்டா மோடை ஐடிஇ ஆக்குங்க. நேரம், திகதியும் சரி பண்ணுங்க, இல்லாட்டி பிரவுசர் பல தளங்களைத் திறக்க விடாது.

கல்லடி கொப்பிக்கடை:
ஐடிஇ போட்டவுடன விண்டோஸ் வந்துட்டு. பிரிண்ட் ஓடுது. பிறகு ஐ5யும் போட்டன், எடுத்துக்கிட்டு. ரெண்டு காக்காமாருக்கும் பெரிய நன்றி.

கல்முனை சோல்டர்:
சந்தோஷம் தம்பி. இரவல் புரோகிராமரைக் குடுக்க முதல், இப்ப இரிக்கிற நல்ல டம்பையும் ஒருக்கா வாசிச்சி பழைய டம்போட சேர்த்து வைங்க. யூபிஎஸ் பெட்டரிய இந்த மாசமே மாத்துங்க.

அக்கரைப்பற்று லெப்டொப்:
என்ட லெப்டொப்பிலயும் இதே பிரச்சின. நானும் கம்பெனித் தளத்து ஃபைலை வெட்டி எழுதலாமா?

கல்முனை சோல்டர்:
எழுதாதீங்க. லெப்டொப்பில சிப் போர்டோட சோல்டர் பண்ணியிரிக்கும், சிப்புட காலைக் கவ்வுற கிளிப் போடணும். 1.8 வோல்ட் சிப்பும் நிறைய வருது, அதுக்கு அடப்டர் தனியா வேணும். கம்பெனி ஃபைலில பல நேரம் பயோஸ் பகுதி மட்டும்தான் இரிக்கும், இன்டெல் எம்ஈ (இன்டெல்ட தனிப் புரோகிராம்) பகுதி இரிக்காது. அதை முழுச் சிப்புக்கும் எழுதினீங்கண்டா இப்ப இரிக்கிறதையும் இழப்பீங்க. வாசிச்ச டம்பும், சிப்புட முதுகுப் படமும், போர்ட் நம்பரும் போட்டுத் தனி இழை ஒண்டு திறங்க, பார்ப்பம்.