மாயர்களின் நரபலிக்குப் போதைதான் காரணமா?

செம்பருத்தி:
மெக்சிகோவின் யுகட்டானில் உள்ள பழைய மாயர் நகரமான சிச்சென் இட்சாவின் புனிதக் கிணற்றுக்குப் பக்கத்தில் நிலத்தடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் கிடைத்த, பலி கொடுக்கப்பட்ட குழந்தைகளின் எலும்புகளைப் பற்றி 2024-இல் நேச்சர் இதழில் மரபணு ஆய்வு ஒன்று வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மரபணு எடுக்கப்பட்ட 64 பேரும் ஆண்கள், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள். அச்சு அசலான இரட்டையர் இரண்டு ஜோடி. கால்வாசிப் பேர் ஒருவருக்கொருவர் நெருங்கிய சொந்தம். இது ஒரு வெறிபிடித்த ராஜாவின் காலத்தோடு முடியவில்லை, ஏழாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை நடந்திருக்கிறது.

பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்த மனம் எப்படி இதற்கு இணங்கியது? போதைதான் என்பது என் கருத்து. பால்சே என்ற தேன்மது, எனிமாவாக ஆசனவாய் வழியே உள்ளே ஏற்றிய பானங்கள், காட்டுப் புகையிலை, குவாத்தமாலா மலைப்பகுதியில் கிடைக்கும் காளான் வடிவக் கற்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மனதை இப்படிக் கரைத்துவிட்டால் நல்லது கெட்டது என்ற வேலி தானாகச் சாயும். சைக்கடெலிக் என்ற காட்சி தரும் போதைப்பொருளைச் சாப்பிட்டால் அன்பு பெருகும், உலகமே ஒன்றாகத் தெரியும் என்று இன்றைக்குப் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஊர்சுற்றி:
கொடைக்கானலுக்குப் போய்ப் போதைக்காளான் தின்கிறவர்கள் யாரும் கீழே இறங்கி வந்து பக்கத்து வீட்டுக்காரனைப் பலி கொடுத்ததாகச் செய்தி இல்லையே. அதிகபட்சம் போலீஸில் மாட்டுகிறார்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
செம்பருத்தி, எலும்புகளைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. போதைப் பட்டியல்தான் இடிக்கிறது.

பால்சே என்பது தேனையும் ஒரு மரப்பட்டையையும் ஊறவைத்துப் புளிக்க வைத்த பானம். நம் கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கள் குடித்தவன் சண்டை போடுவான், 500 வருடத்துக்கு ஒரு சடங்கை நடத்த மாட்டான். எனிமாக் காட்சிகள் மாயர் குடுவைகளில் இருப்பது உண்மை. உள்ளே என்ன போனது என்பதைப் படம் சொல்லவில்லை. காளான் கல்லைக் காளான் என்று எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரும்பாலானவை பழைய மாயர் கல்வெட்டு மரபுக்கு முந்தைய காலத்தவை, எழுத்தும் கிடையாது. தேன் தொட்டுக் காளான் தின்றார்கள், ஆடினார்கள், அழுதார்கள் என்று ஸ்பானியத் துறவி சஹாகுன் எழுதியது மத்திய மெக்சிகோவில் வாழ்ந்த அஸ்டெக்குகளைப் பற்றி. இணையத்தில் பாதிப் பேர் அதைத் தூக்கி மாயர் தலையில் வைக்கிறார்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே?

வேதியியல் சோதனையில் உறுதியாகக் கிடைத்தது புகையிலை. 2012-இல் ஒரு சின்னக் குடுவையில் நிகோடின் கண்டுபிடித்தார்கள், இது புகையிலைக்கான பாத்திரம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. 2021-இல் யுகட்டானின் மெரிடா பக்கத்தில் கிடைத்த சிறு கலங்களைச் சோதித்தபோது புகையிலையோடு மெக்சிகோச் செண்டுப்பூ வகை ஒன்றும் கலந்திருந்தது. மணத்துக்கோ மருந்துக்கோ சேர்த்திருக்கலாம்.

இன்னொரு பக்கம் பலியின் அரசியலைப் பாருங்கள். போனம்பாக் என்ற மாயர் நகரத்துச் சுவரோவியம், சுமார் கி.பி. 790. இரண்டாவது அறையில் பிடிபட்டவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள், விரல் நுனிகளில் ரத்தம் சொட்டுகிறது. மேலே அரசன் சிறுத்தைத்தோல் போர்த்தி, ஈட்டியைப் பிடித்து நிமிர்ந்து நிற்கிறான். சுற்றிலும் பிரபுக்கள் வரிசை கலையாமல் நிற்கிறார்கள். தள்ளாடுகிற ஆள் ஒருவன்கூட இல்லை. 738-இல் கொபான் என்ற பெரிய மாயர் நகரத்தின் அரசனை அவனுக்குக் கீழிருந்த கிரிகுவா அரசன் பிடித்துத் தலையை வெட்டினான். அதற்குப் பிறகு அந்தச் சின்ன ஊர் தனி ராஜ்யமாகி, மாயர் உலகத்திலேயே உயரமான கல்தூண்களை நிறுத்தியது. போதையில் செய்கிற காரியமா இது? கணக்குப் போட்டுச் செய்தது.

செம்பருத்தி:
சரி, காளானை விட்டுவிடுவோம். நீங்கள் காட்டியது எல்லாம் போர்க்கைதி. எதிரியைக் கொல்ல யாருக்கும் போதை வேண்டியதில்லை. நான் கேட்டது பிள்ளைகளைப் பற்றி.

யாஷ்சிலான் என்ற மாயர் நகரத்து நிலைவிட்டம் (வாசலுக்கு மேலே வைக்கும் செதுக்கிய கல்) ஒன்று இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, 24-ஆம் எண். கி.பி. 709-ஐக் குறிக்கிறது. அரசி மண்டியிட்டு, முள் வைத்த கயிற்றைத் தன் நாக்கில் துளையிட்டு இழுக்கிறாள். கயிறு கீழே கூடையில் விழுகிறது, அதில் ரத்தம் தோய்ந்த மரப்பட்டைக் காகிதம். அரசன் தீப்பந்தம் பிடித்து நிற்கிறான். பக்கத்து வாசலில் இருந்த 25-ஆம் கல்லில், அதுபோல ரத்தம் தோய்ந்த காகிதம் உள்ள கிண்ணத்துக்கு மேலே ஒரு பெரிய பாம்பு எழுகிறது. பாம்பின் வாயிலிருந்து, முன்னோர் என்று கருதப்படும் ஒரு வீரன் எட்டிப் பார்க்கிறான், அரசி அண்ணாந்து பார்க்கிறாள்.

பட்டினி, ரத்த இழப்பு, வலி, புகையிலை எல்லாம் சேர்ந்தால் காட்சி வரும். வெளியிலிருந்து ஒரு வேதிப்பொருள் வந்தாக வேண்டும் என்பதில்லை. முன்னோர் ரத்தம் கேட்கிறார் என்று பூசாரி சொல்லிக் கேட்பது ஒன்று, அவரையே பாம்பின் வாயில் பார்ப்பது இன்னொன்று. பார்த்தவளுக்கு அதற்கு மேல் சந்தேகம் இருக்குமா? அந்தச் சந்தேகமின்மைதான் பிள்ளையைக் கொடுக்க வைத்தது என்கிறேன்.

மருந்துக்கடை:
மருந்தியல் படித்தவன் என்பதால் இடையில் நுழைகிறேன். மருந்து ஒழுக்கத்தைத் தொடவே முடியாது என்று நானும் சொல்ல மாட்டேன். 2010-இல் மாலி கிராக்கெட் என்ற ஆய்வாளரின் குழு ஆரோக்கியமானவர்களுக்குச் சிடாலோபிராம் கொடுத்துப் பார்த்தது. சாதாரண மனச்சோர்வு மாத்திரை, எந்தக் காட்சியும் வராது. ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கையால் தள்ளிக் கொல்லலாமா என்ற வகைக் கேள்விகளில், மாத்திரை போட்டவர்கள் கூடுதலாகத் தயங்கினார்கள்.

காளானிலுள்ள சிலோசைபினை வைத்து சூரிச்சில் 32 பேரிடம் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. அடுத்தவர் துக்கத்தை உணரும் தன்மை கூடியது. ஆனால் ஒழுக்கச் சிக்கல்களில் அவர்கள் எடுத்த முடிவு மாறவில்லை. அன்பு பெருகும் என்கிறவர்களும் போதை கொலை செய்ய வைக்கும் என்கிறவர்களும் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய ஆய்வு இது. ஆய்வுக்கூடத்தில் ஒரு வேளை கொடுத்துக் கேட்பதும் ஊரே கூடி நடத்தும் சடங்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் மக்களைப் பாருங்கள். அயாவாஸ்கா என்ற காட்சி தரும் கொடிப்பானத்தைக் குடித்துத் தரிசனம் தேடிய ஈக்வடாரின் ஷுவார்கள் ஒரு காலத்தில் எதிரியின் தலையை வெட்டிச் சுருக்கி வைத்தவர்கள். அதே பானத்தைக் குடித்துவிட்டு பிரேசிலில் சாந்தோ தைமே சபைக்காரர்கள் கிறிஸ்தவப் பாட்டுப் பாடுகிறார்கள். மெக்சிகோ மலையில் மரியா சபினா காளான் கொடுத்து நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். அடுப்பு கல்யாணச் சமையலுக்கும் எரியும், கருமாதிச் சமையலுக்கும் எரியும்.

செம்பருத்தி:
அடுப்பே இல்லாமல் சமையல் நடக்காதே! ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டம் சீடர்களுக்கு எல்எஸ்டி என்ற சைக்கடெலிக்கைக் கொடுத்து தீட்சை நடத்தியது. 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் வாயு விட்டார்கள். அந்தக் கொள்கையை வெறும் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் படித்த விஞ்ஞானிகள் அவ்வளவு தூரம் போயிருப்பார்களா?

கல்வெட்டுப்பித்தன்:
அடுப்பே இல்லாமல் சமைத்த ஊர்கள் நிறைய இருக்கின்றன. சீனாவில் ஷாங் அரசர்கள் ஆன்யாங்கில் ஆயிரக்கணக்கானவர்களைப் பலி கொடுத்து, எத்தனை பேர், எந்த முன்னோருக்கு என்று எலும்பில் எழுதியே வைத்தார்கள். போதைக்கு அங்கே இருந்ததாகத் தெரிவது மதுதான். 2016-இல் தென்கிழக்கு ஆசிய, பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 93 ஆஸ்ட்ரோனேசியச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். ஏற்றத்தாழ்வு அதிகமில்லாத சமூகங்களில் கால்வாசிதான் நரபலி கொடுத்தன, மேல்கீழ் கடுமையாக இருந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு. பலியோடு சேர்ந்து நகர்வது அதிகாரம்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். கீச்சே மாயர்களின் போபோல் வூ கதையில் குளிரில் நடுங்கும் குலங்கள் தோகில் என்ற தெய்வத்திடம் நெருப்புக் கேட்கின்றன. தருகிறேன், பதிலுக்கு உங்கள் மார்பிலும் அக்குளிலும் நான் பால் குடிக்க வேண்டும் என்கிறது தெய்வம். அவர்களும் தலையாட்டுகிறார்கள். நெஞ்சைப் பிளந்து கொடுப்பதற்குத்தான் ஒப்புக்கொண்டோம் என்பது பிற்பாடுதான் தெரிகிறது. நெருப்பும் சோளமும் உயிரும் வாங்கிய கடன் என்று தொட்டிலிலேயே கற்றுக்கொண்டவனுக்கு, கொடுக்காமல் இருப்பதுதான் பாவம். அதே நூலில் பாதாள உலகத்துக்குப் போய் பலியாகி மீள்கிறவர்கள் இரட்டையர்கள். தொட்டியில் இரட்டையர் கிடைத்ததை ஆய்வாளர்கள் அதோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. போதை இறங்கிவிடும். மறுநாள் காலை தெளிந்த தலையோடு எழுந்த அப்பனுக்கு அது தப்பு என்று தோன்றவில்லை. அவன் பேரனுக்கும் தோன்றவில்லை. இதற்குச் செடி எப்படிக் காரணமாகும்?

ஊர்சுற்றி:
எல்லோரும் கொடுத்தவன் தலைக்குள் என்ன ஓடியது என்றே பேசுகிறீர்கள். போதை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தீர்களா? மாயர் இல்லை, தென் அமெரிக்காவின் இன்கா. 1999-இல் அர்ஜென்டினாவின் யுயையாகோ சிகரத்தில், 6,700 மீட்டருக்கு மேலே, மூன்று பிள்ளைகளின் உறைந்த உடல்கள் கிடைத்தன. மூத்தவளுக்கு 13 வயது இருக்கும். அவள் பல்லிடுக்கில் கோகா (கொகெய்ன் எடுக்கும் செடி) இலைச் சக்கை அப்படியே இருந்தது. முடியைச் சோதித்ததில், கடைசி வருடத்தில் அவளுக்குக் கொடுத்த கோகா வெகுவாகக் கூடியதும், கடைசி வாரங்களில் மது கூடியதும் தெரிந்தது. பலி கொடுத்தவன் தெளிவாக இருந்திருக்கிறான் போல.

மருந்துக்கடை:
முக்கியமான கோணம். பெருவில் கிடைத்த வேறு பலிக்குழந்தைகளிடம் அயாவாஸ்கா கொடியிலுள்ள ஹார்மின் என்ற வேதிப்பொருளின் தடயம் 2022-இல் கிடைத்தது. பயத்தையும் சோர்வையும் அடக்கக் கொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

செம்பருத்தி:
அது இன்கா. பித்தன் ஐயாவின் மறுநாள் காலைக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கடெலிக் சடங்குகளுக்குப் போய்வந்தவர்கள் உலகம் வெறும் பருப்பொருள் அல்ல என்ற பக்கம் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வு ஆறு மாதம் கழித்தும் இருந்தது. போதை இறங்கினாலும் கண்டது தங்கிவிடுகிறது. மாயர் நாட்காட்டியில் சடங்குக்கா பஞ்சம்? ஆறு மாதம் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

மருந்துக்கடை:
அந்த ஆய்வில் இருந்தவர்கள் தாங்களாகவே தேடிப்போய்ச் சேர்ந்தவர்கள். ஏற்கெனவே அந்தப் பக்கம் ஒரு காலை வைத்தவர்கள். உலகம் எதனால் ஆனது என்ற எண்ணம் மாறியது, யாரைக் கொல்லலாம் என்ற எண்ணம் மாறியதாக அதில் இல்லை.

மாயர் நிலத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2024-இல் மெக்சிகோவின் காம்பெச்சேயில் உள்ள பழைய மாயர் நகரமான யாஷ்னோகாவின் பந்து மைதானத்தின் அடியில் மண்ணைச் சோதித்தபோது, காட்சி வரவழைக்கும் விதைகொண்ட கொடி ஒன்றின் மரபணுத் தடயம் கிடைத்தது. கூடவே மிளகாய். சுமார் 2000 வருடம் முந்தைய படையல். கட்டடம் எழுப்பும்போது மூட்டை கட்டிப் புதைத்திருக்கிறார்கள் என்கிறார்கள்.

செம்பருத்தி:
ஆக மாயர்களிடம் போதைச்செடி இருந்தது என்பதை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
இருந்தது. அங்கே கொடியின் தடயமும் மிளகாயும்தான் கிடைத்தன, எலும்பு கிடைக்கவில்லை. எலும்பு கிடைத்த சிச்சென் இட்சாத் தொட்டியில் செடி கிடைக்கட்டும், அன்றைக்குத் திரும்ப வாருங்கள்.