ஜி சோ-யுன் ஆட்டங்களின் முழு வீடியோ யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்ப் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்காக, தென்கொரிய நடுக்கள வீராங்கனை ஜி சோ-யுன் பற்றித் தமிழில் சிறு கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2022 பெண்கள் ஆசியக் கோப்பை இந்தியாவில் நடந்ததே, நினைவிருக்கிறதா? புனேயில் ஆஸ்திரேலியாவுடன் காலிறுதி. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் தொலைவிலிருந்து அவர் அடித்த ஒரே கோலில் கொரியா வென்றது. டிவி முன்னால் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

15 வயதிலேயே தேசிய அணிக்கு வந்தவர். ஜப்பானில் கோபே அணிக்கு ஆடிவிட்டு, 2014இல் இங்கிலாந்தின் செல்சி அணிக்குப் போனார். மறு ஆண்டே அந்நாட்டின் பெண்கள் எஃப்.ஏ. கோப்பை இறுதி முதன்முறையாக லண்டனின் வெம்பிளி மைதானத்தில் நடந்தது. அதிலும் ஒரே கோல் இவருடையதுதான்! செல்சியில் எட்டு ஆண்டுகள். அப்புறம் தாய்நாட்டில் சுவோன், பிறகு அமெரிக்காவில் சியாட்டில்.

எனக்கு வேண்டியது கோல் தொகுப்புகள் அல்ல, முழு ஆட்டங்கள். பந்து வருவதற்கு முன்பே அவர் எப்படித் திரும்பிப் பார்க்கிறார், எங்கே போய் நிற்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். உயரம் குறைந்த பெண் இங்கிலாந்தில் எப்படித் தாக்குப்பிடித்தார் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

கோபே கால ஆட்டங்கள் எங்கே கிடைக்கும்? கொரிய மொழி தெரிந்தவர்கள் யாராவது அவருடைய ஓரிரு பேட்டிகளை மொழிபெயர்த்துத் தர முடியுமா? பெயரைத் தமிழில் சரியாக எழுதியிருக்கிறேனா என்றும் சொல்லுங்கள். அடுத்த மாதம் பயிற்சி முகாம் தொடங்குகிறது, அதற்குள் கிடைத்தால் பேருதவி.